தானா என்று யாரும் இங்கே வேலை செய்யவில்லை

நின்றுபோன லிஃப்ட் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் அதிலிருந்து இறங்க மறுத்த ஒரே மனுஷியை நான் பிரிக்பீல்ட்ஸில்தான் பார்த்தேன்.

எங்கள் அலுவலகம் இருந்த பழைய கட்டடத்தின் லிஃப்ட் அது. இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நாங்கள் இருவர். அந்த மாதிரி நேரத்தில் ஓர் ஆண்மகன் செய்ய வேண்டியதையெல்லாம் நான் செய்தேன். எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினேன். கதவைக் குத்தினேன். முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். அப்போது என்னிடம் நேர்ந்துகொள்ளும் அளவுக்கு முடி இருந்தது. கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நகர்ந்து கதவு திறந்தது. நான் வெளியே பாய்ந்தேன். அவர் உள்ளேயே நின்றார்.

"வாங்க மேடம். அதான் சரியாயிடுச்சே."

"ஏன் நின்னுச்சு?"

"யாருக்குத் தெரியும்? தானா நின்னுச்சு, தானா ஓடுது."

"தானான்னு யாரும் இங்க வேல செய்யல அண்ணே. லிஃப்ட்காரனக் கூப்புடுங்க."

லிஃப்ட்காரர் வந்து, கதவு ஓடும் தடத்தில் யாரோ துப்பியிருந்த சூயிங்கத்தைச் சுரண்டியெடுத்துக் காட்டும்வரை அவர் அசையவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்கி ஏறியவர்கள் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் திட்டிக்கொண்டே போனார்கள். அவருக்கு மூன்றும் புரியும். சூயிங்கத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பட்டத்தரசி மாதிரி இறங்கி வந்தார்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வலைப்பின்னல் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். நான் விற்பவன், விற்றது ஓடும்படி பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அவர். வயதில் நான் மூத்தவன் என்பதால் "அண்ணே" என்பார். அந்த அண்ணேயில் மரியாதை இருந்ததாக நினைவில்லை. ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்ட தொனிதான் இருக்கும்.

நெற்றியில் பெரிய பொட்டு. கையில் ஆம்பிளை வாட்ச். கைப்பையில் டார்ச் லைட்டு, ஸ்குரு டிரைவர், உப்புப் போட்டுக் காயவைத்த புளிப்புப் பழம் ஒரு பாக்கெட். யோசிக்கும்போது அந்தப் பழத்தின் கொட்டையைக் கன்னத்துக்குள் இப்படியும் அப்படியும் உருட்டுவார். கொட்டை உருண்டுகொண்டிருந்தால் விடை இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். நின்றுவிட்டால் யாருக்கோ கெட்ட நேரம்.

அவருடைய பரம எதிரி என் வலது ஆள்காட்டி விரல். எந்தப் பெட்டி மக்கர் செய்தாலும் அந்த விரல் நேரே சுவிட்சுக்குப் போகும். அணைத்துப் போட்டால் பத்துக்கு எட்டு சரியாகிவிடும், வாடிக்கையாளர் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார், வீட்டுக்குப் போகலாம். விரல் பாதி வழியில் இருக்கும்போதே அதன் மேல் பட்டென்று அடி விழும்.

"அணச்சுப் போட்டா சரியாயிடும் அண்ணே. சரியாயிட்டா அப்புறம் யாரக் கேக்கிறது? சாட்சியக் கொன்னுட்டு கேஸ் விசாரிப்பீங்களா?"

இப்படிப்பட்டவரை எல்லாருக்கும் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 'அடுத்த தடவை அந்தப் பொம்பளையை அனுப்பாதீர்கள், எங்கள் வேலை ஓடினால் போதும்' என்று எங்கள் முதலாளிக்கு ஃபோன் செய்தவர்கள் உண்டு. நான்கூட இரண்டொரு தடவை அப்படி ஃபோன் செய்ய நினைத்ததுண்டு.

ஆனால் இதைச் சொல்ல உட்கார்ந்தது கிள்ளானில் நடந்ததற்காக.

அங்கே அண்ணன் தம்பி இருவர் நடத்திய ஒரு லோரி கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் இழுக்கிற லோரிகள். அண்ணன் பெரிய பாஸ். லோரி அனுப்புவது அவர் பொறுப்பு. தம்பி சின்ன பாஸ். கணக்கு அவர் பொறுப்பு. ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே காரில் வந்து, ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர்களையும் இணைக்க நாங்கள் நாலு நெட்வொர்க் சுவிட்ச் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மாட்டியிருந்தோம். மேல் இரண்டும் அண்ணன் பக்கம். கீழ் இரண்டும் தம்பி பக்கம். பின்னால் கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள் நாலையும் கோத்து ஒரே பெட்டி மாதிரி ஆக்கிவிடும். இடம் இல்லையென்று துடைப்பமும் வாளியும் வைக்கிற ஸ்டோரில் வைத்துவிட்டோம்.

சில வாரங்களாகப் பெரிய பாஸ் பக்கம் திடீர் திடீரென்று செத்து எழுந்தது. யாரும் தொடாமலே பெட்டிகள் அணைந்து மறுபடி ஏறின. அந்த இடைவெளியில் திரைகள் உறைந்துவிடும், பாரம் ஏற்றும் சீட்டு அச்சாகாது, துறைமுக வாசலில் லோரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும். எப்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டோருக்குள் போகிறவர் ஒருவர்தான். தேத்தண்ணி போட்டு, தட்டுக் கழுவி, தரை துடைக்கும் ஆன்டி. கம்பெனியில் ஒரே ஒரு லோரி இருந்த காலத்திலிருந்து அங்கே இருப்பவர். பெரிய பாஸ் தீர்ப்பு எழுதிவிட்டார்: மாப் இடித்து பிளக் கழன்றிருக்கிறது, ஆன்டி பயந்துபோய்த் திரும்பச் செருகிவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறார். நாங்கள் போன நாள் காலையே ஸ்டோர் சாவியைப் பிடுங்கி, வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். நாங்கள் வந்து, பெட்டியில் பழுதில்லை, ஆன்டி கை பட்டதுதான் காரணம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் முதலாளியும் அதையே சொல்லி அனுப்பினார். "எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க லா. பெரிய கஸ்டமர்."

வேனில் ஏறும்போதே நான் வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டேன். வலிக்காத மாதிரி, யாரையும் நேராகக் குற்றம் சொல்லாத மாதிரி, அழகான வாக்கியம். படித்துக் காட்டினேன். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல், "எனக்கு ஒரு தடவ நிச்சயம் ஆச்சு தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"பூச்சோங்ல பையன் வீடு. கல்யாண மண்டபம்லாம் பாத்தாச்சு. திடீர்னு ஆள் அனுப்பிட்டாங்க, சரிவரலன்னு. எங்க வீட்டுல எல்லாரும், விடு, நமக்குக் குடுத்துவெக்கலன்னு அழறாங்க. நான் பஸ் ஏறிப் போய் அவங்க ஹால்ல உக்காந்தேன். என்ன சரிவரலன்னு சொல்லுங்க, போயிடுறேன்னேன்."

"சொன்னாங்களா?"

"ஜாதகம்னாங்க. எந்தக் கட்டம்னேன். ஆபீஸ் மாத்தல்னாங்க. எந்த ஊருக்குன்னேன். கடசில அந்த அம்மா வெடிச்சிட்டாங்க. 'நீ கேள்வி கேட்டே எம்புள்ளயக் கொன்னுடுவே'ன்னாங்க."

"அய்யோ."

"என்ன அய்யோ? நன்றி ஆன்டின்னு சொல்லி, குடுத்த சிரப் தண்ணியக் குடிச்சிட்டு வந்தேன். அன்னைக்கு நல்லா தூங்கினேன்." பாக்கெட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். "கிள்ளான் ஆன்டிக்கு மட்டும் எதுக்கு அண்ணே பொய்க் காரணம்?"

என் அழகான வாக்கியத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கிள்ளானில் சின்ன பாஸ்தான் தன் சாவியால் ஸ்டோரைத் திறந்துவிட்டார். இருந்ததே இரண்டு சாவிதான், மற்றது ஆன்டியிடமிருந்து பிடுங்கியது. மெலிந்த, சத்தமில்லாத மனிதர். திறந்துவிட்டு உடனே நகர்ந்துவிட்டார். நம் மேடம் மடிக்கணினியைப் பெட்டிகளில் மாட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு காலமாக அணையாமல் ஓடுகிறது என்று பார்த்தார். கொட்டை உருண்டது.

"அண்ணே, நாலும் எந்த பிளக்ல தொங்குது?"

"எல்லாம் ஒரே பிளக்தான்."

"மாப் இடிச்சு அது கழண்டா?"

"நாலும் சாகும்."

"மேல ரெண்டும் நேத்து மத்தியானத்துலருந்துதான் ஓடுது. கீழ ரெண்டும் மாட்டுன நாள்லருந்து ஒரு தடவகூட அணையல."

எனக்கு உயிர் வந்தது. "அப்போ ஆன்டி இல்ல. அப்படியே எழுதிட்டுக் கெளம்பிடலாம் மேடம்."

"ஆன்டி இல்லன்னா, அப்போ யாருன்னு கேப்பாரு. தெரியலன்னு நீங்க சொல்வீங்க. மறுபடி ஆன்டிதான்."

கீழ்ப் பெட்டிகள் சாகாததால் நடந்ததெல்லாம் அவற்றின் ஞாபகத்தில் இருந்தது. அதைத் திரையில் ஓட்டிப் பார்த்தார். அண்ணன் பெட்டிகளையும் தம்பி பெட்டிகளையும் கோக்கும் கேபிள் இரண்டு நாள் முன்பு காலையில் கழன்றிருக்கிறது. அப்போது எதுவும் சாகவில்லை. நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பச் சேர்ந்திருக்கிறது. சேர்ந்த அந்த நொடியில்தான் மேல் இரண்டும் செத்து எழுந்திருக்கின்றன. அதற்கு முந்தின தடவைகளும் அதே கதை.

இது ஏன் என்று எனக்கே தெரியும். அடுக்கிய பெட்டிகளில் ஒன்றுதான் தலைவர். மற்றவை அது சொல்வதைக் கேட்கும். நடுவில் கேபிளைப் பிரித்தால், தலைவர் இல்லாத பாதி தனக்கென்று ஒரு தலைவரை வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு ஓடும். திரும்பச் சேர்த்தால் ஒரு வீட்டில் இரண்டு தலைவர். ஒருவர் தன் ஆட்களோடு படுத்து எழுந்து மற்றவருக்குக் கீழே வந்துதான் ஆகவேண்டும்.

"கேபிள் லூசா இருக்கும் மேடம். லோரி போற அதிர்வுல…"

அவர் கேபிளின் முனையை டார்ச் அடித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் திருகாணி. லோரி அதிர்வில் திருகாணி கழலலாம். தானே திரும்ப இறுக்கிக்கொள்ளுமா?

அந்த நேரம் ஆன்டி வாசலில் தேத்தண்ணியோடு வந்து நின்றார். சாவி போனதிலிருந்து ஸ்டோர் வாசற்படியைத் தாண்டுவதில்லை என்று வைராக்கியம். தட்டை என் கையில் நீட்டினார்.

"ஆன்டி, நேத்து இங்க என்ன விசேஷம்?" என்று மேடம் கேட்டார்.

"என்னா விசேஷம், சமாதானந்தான்."

"யாருக்கு?"

"அதுங்க ரெண்டுக்குந்தான்." முதலாளிகளின் அறைகள் இருந்த பக்கம் முகவாயை ஆட்டினார். "சண்டன்னா வீட்டுலருந்து ரெண்டு கேரியர் வரும், ஆளுக்கொண்ணு. தனித்தனியா உக்காந்து திங்கும். சமாதானம்னா பெரிய பாஸோட சம்சாரம் ஒரே பெரிய கேரியரா குடுத்தனுப்பும். நாந்தான தட்டு வெக்கிறேன், எனக்குத் தெரியாதா? நேத்து ஒரு கேரியர். மீன் கறி."

"போன தடவ பெட்டி நின்ன அன்னைக்கு?"

"ஒரு கேரியர். நண்டு."

"அதுக்கு முந்தின தடவ?"

"ஒரு கேரியர்தான். எறா சம்பால். பெரிய பாஸ் மூணு தடவ சோறு வாங்குனாரு."

கொட்டை நின்றுவிட்டது.

நான் மடிக்கணினியை மூடப் போனேன். ஸ்டோருக்கு மூன்றாவது சாவி கிடையாது என்பது எனக்கும் புரிந்துவிட்டதே. "மேடம், வேணாம். குடும்ப விஷயம். கேபிள் பழுதுன்னு சொல்லி வேற ஒண்ணு மாட்டிட்டுப் போயிடலாம். நான் என் கைக்காசுலேயே…" என்று ஏதேதோ உளறினேன். சூடான தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அவர் போய் இரண்டு முதலாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

பெரிய பாஸ் வரும்போதே பேனாவோடு வந்தார். "எழுதியாச்சா?"

"ஒரு சோதன பாத்துட்டு எழுதிடுறேன் பாஸ்," என்று நடுக் கேபிளின் திருகாணிகளைக் கழற்றி உருவினார். எதுவும் அணையவில்லை. ஹாலில் எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் ஆவலியே," என்றார் பெரிய பாஸ்.

"ஆவாது. இப்போ உங்க பக்கத்துலருந்து தம்பி கணக்கப் பாக்க முடியாது, அவ்வளவுதான். சண்ட நாள்ல நீங்க அதத் தொறக்கவே மாட்டீங்க. அதனால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." கேபிளைச் சின்ன பாஸிடம் நீட்டினார். "சின்ன பாஸ், இதத் திரும்பப் போடுறீங்களா? எனக்குக் கை எட்டல."

மேடத்துக்குக் கை எட்டும். என்னைவிட அரை அடி உயரம் அவர்.

அந்த முனை ஒரு பக்கம் சாய்வாகத்தான் உள்ளே போகும். விற்ற நானே குனிந்து, டார்ச் அடித்து, இரண்டு தடவை தப்பாகக் குத்திய பிறகுதான் போடுவேன். சின்ன பாஸ் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டார். கண் எங்கள் மேலேயே இருந்தது. சரக்கென்று உள்ளே போனது. இடது திருகாணி, வலது திருகாணி. போட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.

மேல் இரண்டு பெட்டிகளின் விளக்குகளும் அணைந்தன. ஹாலிலிருந்து, "பெரிய பாஸ், மறுபடி போச்சு!" என்று ஒரு குரல் வந்தது.

பெரிய பாஸ் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தாண்ணே," என்றார் சின்ன பாஸ். "சண்டயில நீ என் கணக்க நோண்டக்கூடாதுன்னு கழட்டுவேன்."

"அப்புறம் ஏன்டா போட்டே?"

"சமாதானம் ஆயிடுச்சேன்னுதான்."

பெரிய பாஸ் எங்கள் பக்கம் திரும்பினார். "சரி. ஆனா ஏன் எம் பக்கம் மட்டும் படுக்குது? அவன் பக்கம் ஏன் படுக்கல?"

"ரெண்டு தலைவர் இருக்க முடியாது பாஸ். இதுல தம்பி பெட்டிதான் தலைவர்."

"யாரு வெச்சது?"

"மாட்டுன இந்த அண்ணந்தான். கீழருந்து நம்பர் போட்டிருக்காரு. ஒண்ணாம் நம்பர்தான் தலைவர்."

உண்மைதான். நான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மாட்டுகிறவன். கீழே இருந்துதானே தொடங்க முடியும்? இதைப் பெரிய பாஸிடம் விளக்க வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நாக்கு சுட்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சரி, கெளம்புங்க," என்றார் பெரிய பாஸ். "குடும்பத்துக்குள்ள நடந்தது. நாங்க பாத்துக்கிறோம். போனது போவட்டும்."

நான் பாதி வாசலைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மேடம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஆன்டிகிட்டச் சொல்லிடுங்க பாஸ். போயிடுறேன்."

"அதான் போவட்டும்னு சொன்னேனே. வேலையப் பாக்கச் சொல்லு."

"போவட்டும்னா, செஞ்சாங்க, ஆனா மன்னிச்சிட்டோம்னு அர்த்தம். அவங்க செய்யல. அதச் சொல்லுங்க."

"என் எடத்துல உக்காந்துகிட்டு எனக்கே சொல்றியா? எந்திரி. வெளிய போ."

"போறேன் பாஸ். சொன்ன உடனே போறேன்."

"உங்க மொதலாளிக்கு ஃபோன் போடுவேன்."

"போடுங்க. லைன் இப்போ நல்லாருக்கு."

நான் என் மனதுக்குள் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆன்டி. ஹாலில் குமாஸ்தாக்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். வாளி மேல் ஒரு பெண்பிள்ளை, முதுகு நிமிர்ந்து, பூச்சோங் ஹாலில் உட்கார்ந்த மாதிரி. இப்போது கேள்வி அவருக்காக இல்லை. அதனால் இன்னும் கனமாக உட்கார்ந்திருந்தார்.

பெரிய பாஸ் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். கடைசியில் பெரிய பாஸ் ஆன்டி பக்கம் திரும்பி, ஒரே லோரி இருந்த காலத்துக் குரலில், "நீங்க இல்லக்கா," என்றார். ஹால் முழுக்கக் கேட்டது. பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

ஆன்டி வாங்கவில்லை. "தொடப்பத்துக்கு வேற எடம் பாத்துக் குடுங்க," என்றார். "இந்த ரூம் எனக்கு வேணாம். நாளைக்கு வேற எதாச்சும் பழுதானா, உள்ள யாரு போனான்னு கேக்கக்கூடாதுல்ல."

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் இன்னொரு தேத்தண்ணி கொண்டுவந்து, வாசலில் நின்றபடியே வாளி மேல் இருந்தவர் கையில் முதலில் கொடுத்தார். முதலாளிகள் இருவரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனி எங்களை நிறுத்திவிட்டது. வேறொரு கடையைப் பார்த்துக்கொள்கிறார்களாம். ஃபோனில் அண்ணன் பாதியும் தம்பி மீதியுமாகத் திட்டினார்கள். அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று ஒரே கேரியர்தான் வந்திருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் முதலாளி எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து மேசையைத் தட்டினார். "எவ்வளவு நாள் கஸ்டமர் லா இது? நல்லாதானே ஓடிகிட்டு இருந்துச்சு? எப்படிப் போச்சு?"

எனக்கு வாயில் வந்து நின்றது அந்த ஒரே சொல்தான். பக்கத்தில் கொட்டை உருளும் சத்தம் கேட்டது. நின்றது.

"தானா போவல பாஸ்," என்றேன். "நாங்கதான் போக வெச்சோம். திரும்ப அனுப்புனீங்கன்னா திரும்பவும் போக வெப்போம்."

மேசைக்கு அடியில் என் இரண்டு முட்டியும் ஆடிக்கொண்டிருந்தன. ஏன் ஆடின என்று எனக்கு நன்றாகத் தெரியும்.